‘ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதாம், பிறகு ஏன் பயம்?’

கால்நடை மருத்துவர் பதில்

ஈரோடு மாவட்டத்தின் மலையடிவாரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் பெரிதும் சிறிதுமாகப் பத்து உருப்படிகள். கணவர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் கறவை, தீவனம், சொசைட்டி எல்லாம் இவரும் மாமியாரும்தான். இரண்டு வருடத்துக்கு முன் சந்தையில் ஒரு ஜெர்சி கலப்பினப் பசு வாங்கினார்கள். அது வந்த பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டு மாடுகள் மூன்றுக்கு மூக்கு ஒழுகி, கண்ணில் நீர் வடிந்து, தீனி குறைந்தது. இரண்டு வாரத்தில் எல்லாம் தேறிவிட்டன. அந்த மூன்றில் ஒன்று செவலை. இந்த வருடம் கன்று ஈன்ற சில வாரங்களில் செவலைக்கு முழங்கால் வீங்கியது. ஊசி போடத் தெரிந்த ஒருவர் ஐந்து நாள் ‘டெக்சா’ போட்டார். அதற்கு நாற்பது நாள் கழித்து, செவலைக்குப் பக்கத்தில் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் தலைச்சூல் கிடாரி ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது. போன வருடம் அம்மா வீட்டிலிருந்து ஓட்டி வந்த கிடாரி அது. மாமியார் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போட்டு, கன்றைப் புதைத்துவிட்டார்.

பத்து உருப்படிகளுக்கும் ரத்தம் எடுத்து, மாட்டின் மூக்கையும் மூச்சுக்குழலையும் தாக்கும் ஐ.பி.ஆர். என்ற வைரஸ் நோய்க்குப் பார்த்ததில் ஆறுக்கு ‘ஐ.பி.ஆர். எதிர்ப்பொருள் உண்டு’ என்று முடிவு வந்திருக்கிறது: சந்தைப் பசு, அன்று நோய் கண்ட மூன்று, கன்று வீசிய கிடாரி, செவலையின் மூன்று மாதக் கன்று. மற்ற நான்கும் அந்தச் சளிக்குப் பிறகு தொழுவத்துக்கு வந்தவை. “எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்றால் நோயை ஜெயித்துவிட்டது என்றுதானே அர்த்தம்? செவலைக்கு இரண்டு வருடமாக ஒரு தும்மல்கூட இல்லையே, அதிலிருந்து எப்படிப் பரவும்? தடுப்பூசி போட்டால் போய்விடுமா? ஆறையும் சத்தமில்லாமல் விற்றுவிடச் சொல்கிறார் தரகர். பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்கப் போவதில்லை. கடைசிக் கேள்விதான் அவசரமானது.

முதலில் பாலும் கையும்

ஐ.பி.ஆர். வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் ஏழாம் மாதத்தில் கன்று வீசினால் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது புரூசெல்லா, நம் ஊரில் கன்று வீச்சு நோய் என்று சொல்வது. அது மனிதருக்கு வரும். பச்சைப் பால் வழியாகவும், கன்று வீசியபோது வரும் நீர், நஞ்சுக்கொடி வழியாகவும் வரும். நீங்கள் அனுப்பிய பரிசோதனைத் தாளில் ஐ.பி.ஆர். மட்டும்தான் இருக்கிறது, புரூசெல்லாவுக்குப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. கறந்த சூட்டோடு பேரனுக்குப் பால் கொடுப்பது உங்கள் அத்தையின் வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே நிறுத்துங்கள். பொங்கக் காய்ச்சிய பால் போதும், அதில் குறை ஒன்றும் இல்லை.

அத்தைக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி, அசதி என்று எது வந்தாலும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், “கன்று வீசிய மாட்டைக் கையால் தொட்டார்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அந்தப் பரிசோதனை நினைவுக்கு வரும். கிடாரியின் ரத்தத்தை ரோஸ் பெங்கால் என்ற எளிய சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

எதிர்ப்பொருள் இருந்தால் ஜெயித்துவிட்டதா?

இப்படி நினைப்பது உங்கள் தவறே இல்லை. கோமாரி போன்ற நோய்களில் எதிர்ப்பொருள் இருந்தால் பாதுகாப்பு என்றுதான் நாங்களே கூட்டம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஐ.பி.ஆர். வைரஸின் குலம் வேறு. அது ஹெர்ப்பிஸ் குடும்பம். அதற்குள்ளும் நம்முடைய சின்னம்மை வைரஸ் இருக்கும் அதே பேரினம். சின்னம்மை ஆறு வயதில் வந்து போகும். அறுபது வயதில் இடுப்பைச் சுற்றி அக்கியாக எழும்பும். குயவர் வீட்டுக்குப் போய் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்களே, அந்த அக்கி புதிதாக எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டதில்லை. சிறு வயதில் வந்த அம்மை அத்தனை வருடமும் நரம்பின் வேரில் தூங்கிக் கிடந்து எழுந்ததுதான். உங்கள் செவலையிடம் நடப்பதும் அதே கதைதான்.

இந்த வைரஸ் மாட்டின் எதிர்ப்புச் சக்தியைத் தோற்கடிப்பதில்லை. சில நாள் அதன் கண்ணில் மண்ணைத் தூவுகிறது. அந்தச் சில நாளே அதற்குப் போதும். எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது புரிந்தால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள்.

மூக்கின் உள்தோலில் ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்ததும், அந்தச் செல் இன்டர்பெரான் என்ற பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்க வேண்டும். ஐ.பி.ஆர். வைரஸ் முதல் வேலையாக உண்டாக்கும் புரதங்களில் ஒன்று பிஐசிபி-0. இன்டர்பெரானுக்கான உத்தரவைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோகும் ஐஆர்எஃப்-3 என்ற புரதத்தையே அது சிதைத்துவிடுகிறது. வீட்டுக்குள் திருடன், கூச்சல் போட வேண்டியவன் வாயில் துணி.

அடுத்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் சூழ்ச்சி. மண்டியில் நெல் மூட்டை வாங்குபவர் குத்தூசியால் மூட்டையைக் குத்தி ஒரு பிடி நெல்லை உருவிப் பார்ப்பார் அல்லவா? உடம்பிலும் கொல்லும் வெள்ளணுக்கள் அப்படித்தான் சோதனை போட்டுக்கொண்டே திரிகின்றன. ஒவ்வொரு செல்லும் தனக்குள் தயாராகும் புரதங்களில் சிறு துணுக்குகளை வெளிச்சுவரில் மாதிரியாக வைக்க வேண்டும். மாதிரியில் வைரஸின் துணுக்கு தெரிந்தால் அந்தச் செல் அங்கேயே கொல்லப்படும். இந்தத் துணுக்குகளைச் செல்லுக்குள் உரிய அறைக்கு ஏற்றிவிட டேப் என்றொரு புரதக் கடத்தி இருக்கிறது. ஐ.பி.ஆர். வைரஸின் யூஎல்-49.5 என்ற மிகச் சிறிய புரதம் அந்தக் கடத்தியைப் பிடித்து அசையவிடாமல் நிறுத்துகிறது. அதோடு விடாமல் செல்லின் குப்பைக்கிடங்குக்கு அனுப்பி அழிக்கவும் வைக்கிறது. 2005-இல் வெளியான ஆய்வில் இது தெரியவந்தது. கடத்தி போனால் மாதிரி வெளியே வராது. குத்தூசியோடு வரும் வெள்ளணு எதையும் காணாமல் கடந்து போகும்.

எதிர்ப்பொருள்களையும் அது சும்மா விடுவதில்லை. எதிர்ப்பொருளுக்குத் துணையாக ரத்தத்தில் ஓடும் காம்ப்ளிமென்ட் புரதங்களில் முக்கியமான சி-3யை வைரஸின் மேலுறையில் இருக்கும் ஜிசி என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. வெள்ளணுக்களைத் தொற்றிய இடத்துக்கு வரவழைக்கும் கீமோகைன்களை ஜிஜி என்ற இன்னொன்று நடுவழியில் மடக்குகிறது. எல்லாவற்றையும்விட, வைரஸ் ஒரு செல்லிலிருந்து ஒட்டியிருக்கும் அடுத்த செல்லுக்கு வெளியே தலைகாட்டாமலே போக முடியும். எதிர்ப்பொருள் தெருவில்தான் காவல் நிற்கிறது. இது வீட்டுக்கு வீடு சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது.

இத்தனைக்கும் பிறகு மாட்டின் உடம்புதான் மூக்கில் ஜெயிக்கிறது. பத்துப் பதினான்கு நாளில் மூக்குச்சளியில் வைரஸ் இல்லாமல் போகும். நீங்கள் பார்த்த ‘தேறிவிட்டது’ அதுதான். ஆனால் அதற்குள் வைரஸ் மூக்கின் நரம்பு நுனிகளில் ஏறி, மண்டையோட்டின் அடியில் இருக்கும், முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்பின் வேர்முடிச்சுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனச்சேர்க்கையில் தொற்றினால் இடுப்பு நரம்பின் முடிச்சு. அங்கே போனதும் தன் எழுபது சொச்சம் மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. விழித்திருப்பது ‘உறக்க மரபணு’ என்று சொல்லத்தக்க ஒரே ஒரு பகுதிதான்; தான் குடியிருக்கும் நரம்புச் செல் செத்துவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது. வைரஸ் புரதமே உண்டாகாத இடத்தில் எதிர்ப்பொருள் எதைப் பிடிக்கும்? ஆகவே தடுப்பூசி போடாத வளர்ந்த மாட்டில் ‘எதிர்ப்பொருள் உண்டு’ என்ற வரியை, ‘இந்த மாட்டுக்குள் வைரஸ் குடியிருக்கிறது’ என்றுதான் படிக்க வேண்டும். உயிருள்ளவரை குடியிருக்கும்.

செவலைக்குப் போட்ட அந்த ஐந்து ஊசி

கோபப்படாமல் கேளுங்கள். ஒரு மாடு ஐ.பி.ஆர். வைரஸைச் சுமக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்ய விரும்பினால், தூங்கும் வைரஸை எழுப்ப நாங்கள் பயன்படுத்தும் மருந்தே அந்த ‘டெக்சா’, அதாவது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுதான். தொடர்ந்து ஐந்து நாள் போடுவது வழக்கம். செவலைக்கும் தற்செயலாக அதே ஐந்து நாள்.

அந்த மருந்து எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்துவது ஒரு பக்கம். வைரஸின் முதல் மரபணுக்களைத் திறக்கும் பூட்டு ஒன்று ஸ்டீராய்டு என்ற சாவிக்கே பொருந்தும்படி அமைந்திருப்பது இன்னொரு பக்கம். மாடு பயந்தாலும், லாரியில் நின்றுகொண்டே வந்தாலும், கஷ்டப்பட்டுக் கன்று ஈன்றாலும், தீனியில்லாமல் கிடந்தாலும் அதன் உடம்பே கார்டிசோல் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கிறது. அந்தச் சுரப்பே வைரஸுக்கு எழுப்பு மணி. இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் சந்தைப் பசு பார்க்க நன்றாக இருந்தும் மற்றவற்றுக்கு நோய் கொடுத்ததற்கு அந்தப் பயணமே காரணமாக இருக்கலாம். 1950-களில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கான மாடுகளை ரயிலிலும் லாரியிலும் கொண்டுவந்து அடைத்துக் கொழுக்கவைத்த பட்டிகளில்தான் இந்த மூக்கு நோய் பெரிய அளவில் கண்ணில் பட்டது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எழுந்த வைரஸ் நரம்பு வழியே இறங்கி மூக்குக்கு வரும். பழைய எதிர்ப்பு இருப்பதால் மாட்டுக்குச் சளி பிடிக்காது, காய்ச்சல் வராது. சில நாள் மூக்கு ஈரத்தில் வைரஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதே தொட்டியில் வாய் வைக்கும் தலைச்சூல் கிடாரிக்கு அது போதும். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், “கிடாரி ஒரு பத்து நாள் லேசாகத் தும்மியது, மஞ்சள் கொடுத்தோம்” என்று போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். தொற்றிய சில வாரம் முதல் மூன்று மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் கன்று வீசலாம். நாற்பது நாள் அந்தக் கணக்குக்குள் வருகிறது.

அப்படியானால் ஐ.பி.ஆர்.தான் காரணமா? உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒரு முறை எடுத்த ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது, கிடாரி எப்போதோ வைரஸைச் சந்தித்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. உங்கள் அம்மா வீட்டிலேயே அது தொற்றியிருக்கலாம். மூன்று வாரம் விட்டு இரண்டாம் ரத்தம் எடுத்து அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் கன்று வீசும் நேரத்தில் அளவு முன்பே உச்சத்தில் இருந்து, ஏறாமலும் போகலாம். நேரடிச் சாட்சி வீசிய கன்றும் நஞ்சுக்கொடியும்தான். அவை மண்ணுக்குள் போய்விட்டன. கடவுள் புண்ணியத்தில் இனி நடக்க வேண்டாம். நடந்தால் கையுறை மாட்டி, கன்றையும் கொடியையும் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் வைத்து, உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மாவட்டத்தில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. உங்கள் உதவி மருத்துவர் வழியாக மாதிரி அங்கே போகும். 1962 எண்ணுக்கும் அழைக்கலாம்.

விற்பதா, வைத்திருப்பதா?

தரகர் சொன்னபடி செய்யாதீர்கள். கால்நடைகளின் தொற்று நோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஐ.பி.ஆர். உண்டு. அட்டவணை நோய் இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் தெரிவிக்கும் கடமை மாட்டின் சொந்தக்காரருக்கு இருக்கிறது. பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மறைத்து விற்றால், வாங்கியவர் பின்னால் வந்து கேட்கும்போது உங்கள் பக்கம் பேச ஒன்றும் இருக்காது. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் இடத்தில் யாரும் தாள் கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அப்படி உங்களிடம் வந்த பசுவால்தான் இன்று நீங்கள் எனக்கு எழுத வேண்டியதாயிற்று.

கணக்குப் பார்த்தாலும் விற்பது நஷ்டம். ஆறும் பால் கறக்கிற, சினை பிடிக்கிற, அல்லது வளர்கிற உருப்படிகள். எதிர்ப்பொருள் உள்ள மாடு இந்த நோயால் மறுபடி கன்று வீசுவது அரிது. உங்கள் கிடாரி அடுத்த ஈற்றில் நல்ல கன்று போடவே வாய்ப்பு அதிகம். ஆறையும் விற்றுப் புதிதாக ஆறு வாங்கினால் அவற்றில் எத்தனை வைரஸைச் சுமந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? டென்மார்க், சுவிட்சர்லாந்து, 2017-இல் ஜெர்மனி என்று சில நாடுகள் இந்த நோயை அடியோடு ஒழித்திருக்கின்றன. பல ஆண்டு அரசே பணம் செலவழித்து, எல்லா மாட்டையும் சோதித்து, வைரஸ் சுமப்பவற்றைக் கழித்து அடைந்த நிலை அது. பத்து மாட்டுத் தொழுவம் தனியாக அதைச் செய்ய முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, தூங்குவதை எழுப்பாமல் இருப்பதும், எதிர்ப்பொருள் இல்லாத நான்கையும் காப்பதும்.

அந்த நான்குக்கும் தனித் தொட்டி, தனிக் கட்டுத்தறி. மூக்கோடு மூக்கு உரசாத தூரம் வேண்டும். இடம் இல்லையென்றால் நடுவில் ஆள் உயரத் தடுப்பாவது வையுங்கள். கறவையும் தீனியும் முதலில் அந்த நான்குக்கு, பிறகு ஆறுக்கு. புது மாடு எது வந்தாலும் ஒரு மாதம் ஒதுக்கிக் கட்டி, ரத்தம் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். ஊர்க் காளைக்கு விடாமல் சினை ஊசி போடுங்கள், நோய்ச் சோதனை செய்த காளைகள் உள்ள உறைவிந்து நிலையத்தின் குச்சியாகக் கேட்டு.

தடுப்பூசி

போட்டால் ஏற்கெனவே குடியிருக்கும் வைரஸ் போகாது. நரம்பு முடிச்சில் தூங்கும் வைரஸை எந்தத் தடுப்பூசியாலும் வெளியேற்ற முடியாது. புதிதாகத் தொற்றும்போது நோயின் வேகத்தையும், வெளியாகும் வைரஸின் அளவையும் அது குறைக்கும். அதனால் எதிர்ப்பொருள் இல்லாத நான்குக்கும் போடுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். கோமாரி ஊசி போல வீடு தேடி வருவதில்லை இது; கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, செயலிழக்கச் செய்த ஊசியா, உயிருள்ள வைரஸ் ஊசியா என்று. உயிருள்ள ஊசிகளில் சில சினை மாட்டுக்குக் கன்று வீசச் செய்யும். ஊசி வைரஸே நரம்பில் போய்த் தங்கவும் கூடும். இரண்டாவது, ஜிஇ என்ற புரதத்தை நீக்கிய அடையாளத் தடுப்பூசியா என்று. சாதாரண ஊசி போட்டால் அடுத்த பரிசோதனையில் எல்லாமே ‘எதிர்ப்பொருள் உண்டு’ என்றுதான் காட்டும். ஊசியால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அடையாள ஊசியில் பிரிக்கலாம்.

செவலையின் கன்றைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் நல்ல செய்தி இருக்கலாம். மூன்று மாதக் கன்றின் ரத்தத்தில் இருப்பது சீம்பால் வழியாகத் தாய் கொடுத்த எதிர்ப்பொருளாகவே இருக்கக்கூடும். ஆறேழு மாதத்தில் அது கரையும். எட்டாம் மாதத்தில் மறுபடி பாருங்கள். இல்லையென்று வந்தால் பெரும்பாலும் தப்பித்தது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், சீம்பாலின் பாதுகாப்பு இருக்கும்போதே தொற்றிய கன்று, வைரஸைச் சுமந்துகொண்டே ‘இல்லை’ என்று காட்டுவதும் உண்டு. அதுவரை ஆறோடும் சேர்க்காமல் நான்கோடும் சேர்க்காமல் தனியாகக் கட்டுங்கள். பெண் கன்று என்றால் நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் புரூசெல்லா தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அது அரசுத் திட்டத்தில் இலவசம்.

செவலையின் முழங்கால் மழைக்காலத்தில் மறுபடி வீங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். வீங்கினால் ஊசிக்காரரைக் கூப்பிடாமல் மருத்துவரைக் கூப்பிட்டு, மருந்தை எடுக்கும் முன் இந்தப் பரிசோதனைத் தாளை அவர் கையில் கொடுங்கள். வலிக்கும் வீக்கத்துக்கும் மெலோக்சிகாம் போன்ற, ஸ்டீராய்டு இல்லாத மருந்து இருக்கிறது. செத்த மாட்டைத் தின்ன வரும் மாயாற்றுப் பக்கத்து எருவைக் கழுகுகளுக்கும் அது கேடு செய்யாது. சில சமயம் மாட்டின் உயிரைக் காக்க ஸ்டீராய்டைத் தவிர வேறு வழி இருக்காது. அப்போது போடட்டும், தடுக்காதீர்கள். போட்ட நாளிலிருந்து மூன்று வாரம் செவலையைச் சினை மாடுகளின் மூச்சுப் படாத இடத்தில், தனி வாளியில் தண்ணீர் வைத்துக் கட்டுங்கள்.